விலை உயர்ந்த பேனா வாங்கலாமா? 149-ஐ வைத்து ஒரு கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மான்ட்பிளாங்க் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மைஸ்டர்ஷ்டூக் 149 நல்ல இங்க் பேனாதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதன் விலையில் கால்வாசிக்கு வரும் ஒரு தங்க நிப்புப் பேனாவைவிட நான்கு மடங்கு நன்றாக எழுதுமா என்று கேட்டால், எழுதாது. ஒன்றரை மடங்குகூட எழுதாது. இருந்தும் என் மேசையில் அது இருக்கிறது, விற்கிற எண்ணமும் இல்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அவ்வளவு பணம் பேனாவின் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்று பார்த்துவிடலாம். வாங்கலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காமல்தான் யோசிக்கிறார்கள்.

பேனாவில் எழுதுகிற வேலையைச் செய்வது நிப்பின் முனையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன மணி. அது தங்கமே கிடையாது. தங்கம் காகிதத்தில் உரசினால் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதால் இரிடியம், ஆஸ்மியம், ருதீனியம் வகைக் கடினமான உலோகங்களின் கலவையை முனையில் பற்றவைத்து, நடுவில் கீறிப் பிளந்து, மெருகேற்றுகிறார்கள். நல்ல எஃகு நிப்பிலும் இதே கதைதான். அதனால் "தங்க நிப்பு வழுக்கிக்கொண்டு போகும், எஃகு நிப்பு கீறும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த மணியை எவ்வளவு பொறுமையாகத் தேய்த்திருக்கிறார்கள், பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா, இந்த இரண்டும்தான் கீறலையும் வழுக்கலையும் முடிவு செய்கின்றன.

அப்படியென்றால் தங்கம் எதற்கு? அந்தக் காலத்து மையில் அமிலம் இருந்தது, சாதாரண எஃகை அரித்துவிடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. துருப்பிடிக்காத எஃகு வந்தபிறகு அந்தக் காரணம் கிட்டத்தட்டப் போய்விட்டது. இன்றைக்கு மிச்சம் இருப்பது ஒரு மெல்லிய நெகிழ்வு. எழுத்தை அழுத்தும்போது நிப்பு கொஞ்சம் இடம் கொடுக்கும், அது விரலுக்குத் தெரியும். அதுகூடத் தங்கம் இருந்தால் தானாக வந்துவிடாது, நிப்பின் நீளம், தடிமன், வளைவு எல்லாம் சேர்ந்துதான் கொடுக்கும். ஆணி மாதிரி விறைத்து நிற்கும் தங்க நிப்புகளும் உண்டு. நிப்பின் மேல் 585 என்று பொறித்திருந்தால் 14 காரட், 750 என்றிருந்தால் 18. செய்லர் என்ற ஜப்பானிய நிறுவனம் 21 காரட்டில்கூட நிப்பு போடுகிறது. காரட் ஏறினால் எழுத்து ஏறும் என்று நினைக்க வேண்டாம். சுத்தத் தங்கம் மென்மையானது, வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், திரும்பி வராது. பொதுவாக 14 காரட்டில்தான் அந்தத் திரும்பி வரும் குணம் நன்றாக இருக்கிறது. அப்புறம், நிப்பில் இருக்கிற தங்கம் ஏதோ ஒரு கிராம் கணக்கு, பல நிப்புகளில் அதற்கும் குறைவு. கொடுத்த பணத்துக்குத் தங்கம் கிடைத்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது.

சரி, 149-க்கு வருவோம். மைஸ்டர்ஷ்டூக் என்ற பெயர் 1924-இல் வந்தது, 149 என்ற மாடல் 1952-இல். அந்தத் தடித்த, இரு முனையும் உருண்ட வெளித்தோற்றம் இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மூடியின் உச்சியில் வெள்ளை நட்சத்திரம், பனி மூடிய மலை உச்சியைக் காட்டுகிறதாம். நிப்பில் 4810 என்று பொறித்திருக்கும், நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்த மோன் ப்ளாங் மலையின் உயரம் மீட்டரில். ஜப்பானில் பிளாட்டினம் நிறுவனம் தன் பேனாவுக்கு ஃபூஜி மலையின் உயரத்தை வைத்து 3776 என்று பெயர் வைத்தது. பேனாக்காரர்களுக்கு மலை மேல் அப்படியென்ன மோகமோ!

கையில் எடுத்ததும் முதலில் உறைப்பது அளவு. இது பெரிய பேனா. போட்டோவில் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பிடிக்கும் கழுத்துப் பகுதியே தடிமன், சின்னக் கையுள்ளவர்களுக்கு விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் அகன்று நிற்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. தடித்த பேனாவை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை, பிடி தளர்ந்தால் கை வலிக்காது, பக்கம் பக்கமாக எழுதும்போது அது பெரிய விஷயம். மூடியைப் பின்னால் சொருகி எழுதும் பழக்கம் இருந்தால் மறந்துவிடுங்கள், நீளமும் பின்பாரமும் சேர்ந்து பேனா கையைவிட்டு வெளியே சாயும்.

மை நிரப்புவதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்தப் பேனாவில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் அது. பின்னால் இருக்கும் குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் கீழே இறங்கும், நிப்பை முழுக்க மையில் முக்கிவிட்டு எதிர்ப்பக்கம் திருகினால் மை மேலே ஏறும். சும்மா சொல்லக் கூடாது, அந்தத் திருகல் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே இறுக்கத்தில் போகிறது, எங்கும் சிக்கல் இல்லை, சொரசொரப்பு இல்லை. முடிந்ததும் இரண்டு மூன்று சொட்டைத் திரும்ப விட்டுவிட்டு, நிப்பை மேலே பார்க்கத் திருப்பிப் பிடித்து குமிழை மிச்சத்துக்கும் திருகி மூட வேண்டும், அப்போதுதான் நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் தேங்கியிருக்கும் மை உள்ளே போகும், மூடிக்குள் கொட்டாது. கழுத்துக்கு மேலே கோடு கோடாக இருக்கும் சின்னச் சாளரத்தில் மை எவ்வளவு மிச்சம் என்று வெளிச்சத்தில் தெரியும்.

எழுத்து? ஈரமாக, தாராளமாக எழுதுகிறது. தொட்டவுடன் மை வருகிறது, அழுத்தவே வேண்டாம், பேனாவின் எடையே போதும். ஆனால் அந்தத் தாராளத்துக்கு ஒரு விலை இருக்கிறது. சாதாரணத் தாளில் மை ஊறிப் பரவி, எழுத்தின் ஓரம் எல்லாம் மயிர்விட்டமாதிரி ஆகிவிடும், பின்பக்கமும் தெரியும். நிப்பின் அகலத்தில் ஃபைன் என்றால் மெல்லியது, மீடியம் என்றால் அதைவிடத் தடித்தது; ஐரோப்பிய நிப்புகளில் ஃபைன் என்று போட்டிருப்பது ஜப்பானிய மீடியத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். பொடிப்பொடியாக எழுதுகிறவர்கள், படிவத்தில் கட்டத்துக்குள் நிரப்புகிறவர்கள் இதைக் கவனிக்காமல் மீடியம் வாங்கினால் எழுத்தின் சுழிகளெல்லாம் அடைத்துக்கொண்டு புள்ளிகளாகிவிடும். நம் எழுத்தில் ண, ணை, இ எல்லாம் எத்தனை சுழி என்று உங்களுக்கே தெரியும்.

உடலைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். "விலைமதிப்புள்ள ரெசின்" என்று நிறுவனம் அழைக்கும் அந்தக் கறுப்புப் பொருள் அடிப்படையில் ஒரு வகைப் பிளாஸ்டிக். பளபளப்பு அபாரம்தான், கையில் சூடேறும் விதமும் நன்றாக இருக்கிறது, ஆனால் மெல்லிய கீறல்கள் விழும், கடினமான தரையில் விழுந்தால் விரிசல் விட வாய்ப்புண்டு. இவ்வளவு பணம் கொடுத்துவிட்டு ஒரு பொருளைப் பயந்து பயந்து கையாள்வது உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவருமா என்று யோசியுங்கள். ஒத்துவராது என்றால் லாமி 2000 என்ற பேனாவின் பக்கம் போய்விடலாம்.

லாமி 2000 வந்தது 1966-இல், கெர்ட் முல்லர் வடிவமைத்தது. மக்ரோலான் என்ற பாலிகார்பனேட்டும் எஃகும் சேர்ந்த உடல், சன்னமாக உரசிவிட்ட மாதிரி மங்கலான கறுப்பு, மூடி எங்கே முடிகிறது உடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். 14 காரட் நிப்பு, பிஸ்டன், இழுத்தால் கழன்றுவிடும் மூடி. இதை நான் ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அலுவலகத்தில் யாரோ நீட்டும் தாளில் கையெழுத்துப் போட 149-இன் மூடியைச் சுற்றிச் சுற்றிக் கழற்றும் நேரத்தில் லாமிக்காரர் போட்டு முடித்துப் போய்க்கொண்டிருப்பார். ஒரே சங்கடம், அதன் நிப்பைச் சரியான கோணத்தில் பிடிக்க வேண்டும், கொஞ்சம் உருட்டிப் பிடித்தால் எழுத்து விட்டுவிட்டு வரும். சிலருக்கு அந்தக் கோணம் பிடிபடுவதே இல்லை.

பைலட் கஸ்டம் 823-தான் என் கணக்கில் 149-க்கு நேர்ப் போட்டி, விலையில் அல்ல, எழுத்தில். பெரிய 14 காரட் நிப்பு, உள்ளே இருப்பது பிஸ்டன் அல்ல, ஒரு தண்டை இழுத்து அழுத்தினால் வெற்றிடம் உண்டாகி ஒரே உறிஞ்சலில் மை நிரம்புகிற ஏற்பாடு. சுமார் இரண்டு மில்லி பிடிக்கும். கன்வெர்டர், அதாவது கழற்றி மாட்டும் சின்ன மைக்குழாய், போட்ட பேனாக்கள் பெரும்பாலும் ஒரு மில்லியைக்கூட எட்டுவதில்லை. நீண்ட நேரம் எழுத உட்காரும்போது பின்னால் இருக்கும் குமிழைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்றிரண்டு பக்கத்தில் மை நின்றுவிடும், ஏனென்றால் மூடியிருக்கும்போது அது மைத்தொட்டியை அடைத்து வைக்கிறது. விமானத்தில் கசியாமல் இருப்பதற்கும் அதே அடைப்புத்தான் காரணம். இந்தப் பேனாவையும் 149-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிப் பார்த்தால், இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் தெரியும், எது உசத்தி என்று மட்டும் சொல்ல முடியாது.

பெலிகன் நிறுவனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிஸ்டன் பேனாவை 1929-இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான், எம் 800 மாடலில் அந்த அனுபவம் தெரிகிறது. நிப்பைத் திருகிக் கழற்றி வேறு நிப்பு மாட்டிக்கொள்ளலாம், இது ஒன்றுக்காகவே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எப்போதாவது மட்டும் எழுதுகிறவர் என்றால் பிளாட்டினம் 3776 செஞ்சுரியைப் பாருங்கள், மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் வைத்த உள்மூடி இருக்கிறது, மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் மை காயாமல் எழுதுவதற்கென்றே செய்தது.

இவையெல்லாம் இங்க் பேனா. விலை உயர்ந்த பால்பாயின்ட் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். பால்பாயின்ட்டில் எழுதுவது ரீஃபில். முனையும் மையும் அதற்குள்ளேயே இருக்கின்றன, நீங்கள் வாங்கும் பேனா வெறும் கூடு. பார்க்கர் வகை ரீஃபில் ஒன்று உலகம் முழுக்கப் பொதுவாகக் கிடைக்கிறது, அது போகும் மலிவான பேனாவில் போட்டாலும் ஆடம்பரப் பேனாவில் போட்டாலும் ஒரே எழுத்துத்தான் எழுதும். எடை, பிடி, மூடும்போது வரும் அந்த இறுக்கமான திருகல், இவற்றுக்குத்தான் பணம். மேசை மேல் கெத்தாக ஒன்று இருக்கட்டும் என்றால் வாங்குங்கள், தப்பில்லை, நன்றாக எழுதும் என்று மட்டும் உங்களையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். சில நிறுவனங்கள் தங்கள் பேனாவுக்குத் தங்கள் ரீஃபில் மட்டுமே பொருந்தும்படி செய்திருக்கின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், செலவு பேனாவோடு நிற்காது.

கடைக்குப் போனால் என்ன பார்ப்பது? உங்கள் தாளை நீங்களே கொண்டுபோங்கள். கடையில் நீட்டும் தாள் கனமானது, வழுவழுப்பானது, அதில் எல்லாப் பேனாவும் ராஜாதான். இரண்டாவது, நிப்பை மைக்குப்பியில் முக்கிக் கொடுத்து எழுதச் சொல்வார்கள். இது ஒரு மாயை. மையில் முக்கி எடுத்த நிப்பில் மை வெளிப்பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டு வழிந்து வரும், எந்த நிப்பும் ஈரமாகவும் வழுக்கலாகவும்தான் தெரியும். அந்த மை வடியும்வரை ஏழெட்டு வரி விடாமல் எழுதுங்கள், அதற்குப் பிறகு வருவதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். கையெழுத்தை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், நீங்கள் தினமும் எழுதும் வேகத்தில் ஒரு பத்தி எழுதுங்கள். எட்டுப் போடுங்கள், இடமிருந்து வலமும், கீழிருந்து மேலும் கோடு இழுங்கள். ஒரு திசையில் மட்டும் கீறினால் பிளவின் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது என்று அர்த்தம். ஒரு சின்ன லூப், அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடி, இருந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெயர் வேண்டாம், இங்கே சொன்ன பேனாக்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒரு பேனா ஒவ்வொரு வார்த்தையின் முதல் கோட்டையும் விழுங்கிக்கொண்டே இருந்தது. "க" எழுதினால் மேல் கோடு இல்லாமல் கீழ்ப்பாதி மட்டும் வரும். மை மாற்றினேன், கழுவினேன், தாள் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. லூப்பில் பார்த்தபோதுதான் புரிந்தது. வழுக்க வேண்டும் என்பதற்காக மணியை அதிகமாக மெருகேற்றி, பிளவின் உள் ஓரங்களையும் உருட்டிவிட்டிருந்தார்கள். வெளியே பார்த்தால் கண்ணாடி போல வழவழப்பு, ஆனால் பிளவு இருக்கும் இடத்தில் ஒரு நுணுக்கமான பள்ளம், மை அந்தப் பள்ளத்தின் மேலேயே நின்றுவிடுகிறது, தாளைத் தொடுவதில்லை. அழுத்தினால்தான் வரும். விற்றவர்கள் "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார்கள். பழகிச் சரியாகிற விஷயமே இல்லை இது, நிப்பு வேலை தெரிந்தவர் தேய்த்துக் கொடுத்தால்தான் சரியாகும். வாங்கிய சில வாரங்களுக்குள் நிப்பின் அகலம் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பில் போடும் முன்பே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பெரிய பெயர்களுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் உருப்படியாகத் திரும்பி வருவது இந்தச் சேவைதான்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. ஆடம்பரமாகத் தெரியும் எல்லாப் பேனாவும் நிப்பைத் தானே செய்வதில்லை. ஜெர்மனியில் போக், ஜோவோ என்று இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன, உலகத்தில் எத்தனையோ பிராண்டுகளுக்கு நிப்பு அங்கிருந்துதான் போகிறது, மேலே பொறிக்கும் சின்னம் மட்டும் வேறு. அந்த நிப்புகள் மோசம் என்று சொல்லவில்லை, நன்றாகவே எழுதும். ஆனால் அதே நிப்பு போட்ட பேனா மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும்போது மீதி இரண்டு பங்கு எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மான்ட்பிளாங்க், பெலிகன், பைலட், செய்லர், பிளாட்டினம் இவர்களெல்லாம் தங்க நிப்பைத் தாங்களே செய்கிறார்கள், அதனால்தான் ஒவ்வொருவர் நிப்பும் கையில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. செய்லர் நிப்பு தாளில் பென்சில் போகிறமாதிரி ஒரு மெல்லிய உராய்வைத் தரும். கீறல் அல்ல, வேண்டுமென்றே விட்டிருக்கும் உராய்வு. சிலர் அதற்கு அடிமை, சிலருக்குப் பல் கூசும்.

பழைய பேனா வாங்கலாமா என்றால், தாராளமாக. 1941-இல் வந்த பார்க்கர் 51 இன்னும் அழகாக எழுதுகிறது, நிப்பு முக்கால்வாசி கூட்டுக்குள் ஒளிந்திருப்பதால் மை சீக்கிரம் காய்வதும் இல்லை. 149-உம் பழையது நிறையக் கைமாறுகிறது. ஆனால் போலி நிறைய. கிளிப்பின் வளையத்தில் வரிசை எண் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம், போலியிலும் எண் அடிக்கிறார்கள். பிஸ்டன் குமிழைத் திருகிப் பாருங்கள். 149 என்று சொல்லிவிட்டு உள்ளே கன்வெர்டர் இருந்தால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடலாம். "லிமிடெட் எடிஷன், நாளைக்கு விலை ஏறும்" என்று யாராவது ஆசை காட்டினாலும் அதே பதில்தான்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மை மாற்றும்போது வெறும் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி வெளியே விட வேண்டும், வெந்நீர் வேண்டாம். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை மட்டும் உயிரே போனாலும் ஊற்றாதீர்கள், அது காய்ந்தால் உள்ளே அரக்காகிவிடும். மினுமினுக்கும் துகள் கலந்த மைகளையும் இந்த விலைப் பேனாவில் நான் போடுவதில்லை, அதற்கு லாமி சஃபாரி மாதிரி ஒரு சாதாரணப் பேனா போதும். எழுதாமல் பெட்டிக்குள் பூட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் மையை முழுக்க வெளியேற்றிவிட்டு வையுங்கள். ஆனால் பூட்டி வைக்கத்தான் என்றால் ஏன் வாங்குகிறீர்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

இனி யார் வாங்கலாம் என்பதற்கு வருவோம். இதுவரை இங்க் பேனாவே பிடித்ததில்லை, முதல் பேனாவே 149 என்றால், வேண்டாம். எஃகு நிப்புள்ள நல்ல பேனா ஒன்றை எடுத்து, அது பிடித்து, தினமும் கை அதைத் தேடுகிறதா என்று பாருங்கள். தேடினால் அடுத்த படி 14 காரட் ஜப்பானியப் பேனாவோ லாமி 2000-ஓ. எழுத்தில் கிடைக்கும் சுகத்தில் பெரும்பகுதி அந்தப் படியிலேயே கிடைத்துவிடும், அதற்கு மேல் ஏறுவது எழுத்துக்காக அல்ல. நான் 149-ஐ வைத்திருப்பதற்குக் காரணம் அதன் தடிமன், அந்தப் பிஸ்டன், பிறகு, ஒளிக்காமல் சொன்னால், அந்தக் கறுப்பு. அந்த மூன்றில் ஒன்றுமே உங்களை இழுக்கவில்லை, பெயர் மட்டும்தான் இழுக்கிறது என்றால், அந்தப் பணத்தில் மூன்று அருமையான பேனாவும் நாலைந்து குப்பி மையும் வாங்கலாம். தடிமன் மட்டும்தான் தயக்கம் என்றால் அதன் தம்பி 146 இருக்கிறது, அதே பிஸ்டன், சிறிய உடல், விலையும் இறங்கும், பெரும்பாலோர் கைக்கு அதுதான் பொருந்தும்.

பரிசாகக் கொடுப்பதற்கு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெறுகிறவர் நிப்பில் எழுதும் ஆளா என்று தெரியாமல் இங்க் பேனா கொடுக்க வேண்டாம், பத்துப் பேரில் ஒன்பது பேர் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார்கள். எழுதும் ஆள் என்று தெரிந்தால் பேனாவில் பெயர் பொறிக்கும் வேலையை அவர் எழுதிப் பார்க்கும்வரை தள்ளிப்போடுங்கள், பெயர் பொறித்துவிட்டால் நிப்பின் அகலம் ஒத்துவராவிட்டாலும் பேனாவைத் திருப்பிக் கொடுப்பது கடினம்.